பூஸ்ட் முள் இறங்கினால் பயப்படாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சூப்பர்சார்ஜரைக் காருக்குப் பூட்டியிருக்கிற தம்பிமார் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இன்டர்கூலர் போட்ட பிறகு பூஸ்ட் 7 பி.எஸ்.ஐ.யில் இருந்து 5க்கு விழுந்திட்டுது, கழற்றவா?" வேண்டாம் தம்பி. இன்டர்கூலர் என்பது அழுத்திச் சூடான காற்றைக் குளிர வைக்கிற கூலர்; பூஸ்ட் என்பது அந்தக் காற்றின் கூடுதல் அழுத்தம், அதை அளக்கிற அலகுதான் பி.எஸ்.ஐ. பூஸ்ட் மீற்றர் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும், எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று சொல்லாது.

மத்தியான வெயிலில் கந்தளாய்க்கு ஓடிப்போய் நிறுத்தியதும் ரயரை அளந்து பாருங்கள், காலையில் இருந்ததைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடியிருக்கும், யாரும் காற்று அடிக்கவில்லை, இருந்த காற்று சூடாகிவிட்டது, அவ்வளவுதான். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற மெனிஃபோல்ட் குழாயிலும் அதே கதைதான். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரை எஞ்சினின் கிராங்கில் இருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது, ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அது தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே 30 பாகை என்று வையுங்கள், 7 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தும்போது காற்று 90 பாகை வரைக்கும் சூடாகும். இன்டர்கூலர் அதை 50க்கு இறக்கினால், போகிற காற்றின் எடை மாறாமலே முள் 5 பக்கம் வந்து நிற்கும்.

அப்புறம் லாபம் என்ன? சூடான காற்றில் எஞ்சின் நொக் அடிக்கும், அதாவது பெற்றோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டும், உடனே கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது தீப்பொறி அடிக்கிற நேரத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும், பவர் போய்விடும். காற்றைக் குளிர வைத்து, 92க்குப் பதில் 95 ஒக்டேன் பெற்றோலும் அடித்தால் டைமிங்கை நல்ல இடத்தில் வைத்திருக்கலாம். பெல்ட் இழுக்கிற பாரமும் குறையும். முள்ளைத் திரும்ப 7க்கு ஏற்றத்தான் வேண்டும் என்றால் சூப்பர்சார்ஜரில் பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியைச் சின்னதாகப் போடலாம், அது வேகமாகச் சுழலும், அப்போது உண்மையாகவே காற்றுக் கூடும். ஆனால் அதற்கேற்ற பெற்றோலை இன்ஜெக்டர் தருமா, டியூனிங் சரியா என்று பார்க்காமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள், பிஸ்டன் உருகிவிடும்.

எஞ்சின் புகையால் சுழல்கிற டேர்போ என்றால் கதை வேறு: வேஸ்ட்கேட் என்ற வால்வு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், இன்டர்கூலர் போட்டால் முள் அசையாமலே கூடுதல் காற்றுப் போகும்.

சரி, எல்லா இறக்கமும் நல்லதா? இல்லை. இன்டர்கூலருக்கு முன்னால் ஒரு மீற்றர், பின்னால் ஒரு மீற்றர் மாட்டி, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு பி.எஸ்.ஐ. அளவில் என்றால் பரவாயில்லை. மூன்று நாலு என்றால் கூலர் சின்னது, அல்லது உள்ளே எண்ணெய் படிந்து அடைத்திருக்கிறது, அல்லது ஹோஸ் எங்கேயோ காற்று விடுகிறது.

எனக்குப் பெரிய கவலை, முள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறுவதுதான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடுகிற வண்டியில் உப்பும் மணலும் செத்த பூச்சியும் கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும், குளிர்ச்சி குறையும், அழுத்தம் கூடும். வண்டிக்காரர் பூஸ்ட் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவார், எஞ்சின் சூட்டில் தவிக்கும். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் காற்றால் குளிர்கிற கூலர், வெளிக்காற்றின் சூட்டுக்குக் கீழே ஒருபோதும் இறக்காது. பின்பக்கம் இருந்து முன்பக்கமாக நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள்; சர்வீஸ் நிலையத்துப் பிரஷர் குழாயைக் கிட்டப் பிடித்தால் தகடெல்லாம் மடிந்துவிடும்.