டாயில் அலெக்சாண்டரை வாங்கியது சரிதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாழ்த்துரைக்கெல்லாம் நேரமில்லை. எதிரணி நண்பர் ஒரே ஒரு வரியில் என் நேரத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொன்னார்? "பேஸ்பால் சீசன் நடுவில் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், வாங்கலாம் என்று யார் வேண்டுமானாலும் பேசலாம், டெட்ராய்ட்காரர்கள் பேசக் கூடாது. ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து டாயில் அலெக்சாண்டரை வாங்கிய ஊர் இது. விதைநெல்லைப் பொங்கித் தின்ற ஊர்!" என்றார். கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். பின்வரிசையில் விசில்கூடக் கேட்டது.

முதல் இடத்துக்குப் போட்டியிடும் அணி ஜூலையில் ஒரு நல்ல பிட்சரை வாங்கலாமா, கூடாதா என்பதுதான் இன்றைய தலைப்பு. வாங்க வேண்டும் என்பது எங்கள் அணி. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அந்த விதைநெல் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. பாதி சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அணி தன்னிடம் வளர்ந்துவரும் இளைஞர்களைக் கொடுத்துவிட்டு, இன்னோர் அணியிடமிருந்து தேர்ந்த ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ட்ரேட். ஜூலை கடைசி வாக்கில் கடை மூடிவிடும். 2018 வரை ஆகஸ்டிலும் ஒரு பின்வாசல் திறந்திருந்தது. அந்தப் பின்வாசல் வழியாக வந்தவர்தான் நம் கதாநாயகர்.

1987 ஆகஸ்ட் 12. நம் டெட்ராய்ட் டைகர்ஸும் டொராண்டோ புளூ ஜேஸும் முதல் இடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். டைகர்ஸ் அட்லாண்டாவிலிருந்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. வயது 36, அடுத்த மாதம் 37. வேகம் கிடையாது. முந்தைய ஆண்டுவரை டொராண்டோவிலேயே வீசிக்கொண்டிருந்தவர், அவர்களே 'போதும்' என்று அனுப்பிவிட்ட ஆள். பதிலுக்கு நாம் கொடுத்தது 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. லான்சிங்கில் வளர்ந்த மிச்சிகன் பிள்ளை. அன்றைக்கு இளைஞர்கள் பழகும் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கில் அவருடைய கணக்கு 4 வெற்றி, 10 தோல்வி.

வந்த பெரியவர் என்ன செய்தார்? 9 வெற்றி, தோல்வி பூஜ்யம். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.53. அவர் தொடங்கிய ஆட்டங்கள் 11. அந்த 11-லும் டைகர்ஸ் ஜெயித்தது. நடுவர் அவர்களே, இன்னொரு முறை சொல்கிறேன், எதிரணி நண்பர் குறித்துக்கொள்ளட்டும்: பதினொன்றில் பதினொன்று!

இன்னும் முடியவில்லை. இனிமேல்தான் கதையே.

செப்டம்பர் கடைசி வாரம் டொராண்டோவில் நான்கு ஆட்டம். முதல் மூன்றிலும் தோற்றோம். மூன்றரை ஆட்டம் பின்தங்கிவிட்டோம், கையில் மிச்சம் ஒரு வாரம். நான்காவது ஆட்டம், 27-ஆம் தேதி ஞாயிறு. அன்றும் தோற்றிருந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். யார் வீசினார்? அலெக்சாண்டர். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் நாம் 1-0 என்று பின்தங்கி நிற்கிறோம். எதிரே டாம் ஹென்கி, அன்றைக்கு ஆட்டத்தை முடித்துவைப்பதில் பெயர்பெற்ற பிட்சர். கிர்க் கிப்சன் அவரைத் தூக்கி அடித்து ஹோம் ரன். ஆட்டம் சமம். ஆட்டம் நீள்கிறது. அந்த 36, மன்னிக்கவும், அதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது, அந்த 37 வயது மனிதர் பத்து இன்னிங்ஸ் முடிந்த பிறகும் பந்து வீசும் மேட்டில் நிற்கிறார்! பதினோராவது இன்னிங்ஸில் இரண்டு பேரை அவுட்டாக்கிய பிறகுதான் இறங்கினார். பதின்மூன்றாவது இன்னிங்ஸில் 3-2 என்று ஜெயித்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை. சீசனின் கடைசி மூன்று ஆட்டங்கள், அதே டொராண்டோ, இம்முறை நம் மைதானத்தில். அவர்கள் ஓர் ஆட்டம் முன்னால். வெள்ளிக்கிழமை வீசியது யார்? அதே அலெக்சாண்டர். 4-3 வெற்றி, இரண்டு அணியும் சமம். சனிக்கிழமை பன்னிரண்டு இன்னிங்ஸ் போய் நம் டிராமலின் அடியில் 3-2 வெற்றி. அன்றைக்கு டொராண்டோ பக்கம் பதினோரு இன்னிங்ஸ் அசராமல் வீசியவர் மைக் பிளானகன். அவர் யார் தெரியுமா? ஆகஸ்ட் 31-ஆம் தேதி டொராண்டோ பால்டிமோரிடமிருந்து வாங்கிய பிட்சர்! வாங்கக் கூடாது என்கிறார்களே, அந்த ஆண்டு மல்லுக்கு நின்ற இரண்டு அணியுமே வாங்கித்தான் நின்றன. ஞாயிறு, அக்டோபர் 4. லாரி ஹெர்ண்டன் ஒரே ஒரு ஹோம் ரன். பிராங்க் டனானா ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி 1-0. கடைசிப் பந்து அவர் காலடிக்கே உருண்டு வந்தது. எடுத்து முதல் பேஸில் நின்ற டேரல் எவன்ஸிடம் மெதுவாகப் போட்டார். முடிந்தது!

இப்போது கணக்குக்கு வருகிறேன். கடைசியில் டைகர்ஸ் 98 வெற்றி, டொராண்டோ 96. அலெக்சாண்டர் தொடங்கிய 11 ஆட்டங்களில் இரண்டு, அந்த ஞாயிறும் இந்த வெள்ளியும், டொராண்டோவுக்கு எதிரானவை. அந்த இரண்டை மட்டும் திருப்பிப் போடுங்கள். டைகர்ஸ் 96, டொராண்டோ 98. மற்ற ஒன்பதைத் தொடவே வேண்டாம், கதை முடிந்துவிடுகிறது. 'பொங்கித் தின்றார்கள்' என்றாரே நண்பர், அந்தச் சோறு இல்லாவிட்டால் 1987-இல் இந்த ஊர் பட்டினி!

சரி, ஸ்மோல்ட்ஸ் என்ன ஆனார்? மறைக்க மாட்டேன். 213 வெற்றி, 154 சேவ், அதாவது முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள். 1996-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2015-இல் மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில், 1991-இல், ஏழாவது ஆட்டத்தில், சிறுவயதில் தான் பார்த்து வளர்ந்த ஜாக் மோரிஸுக்கு எதிரிலேயே நின்று வீசினார். மோரிஸ் அப்போது நம்மை விட்டு மினசோட்டாவுக்குப் போயிருந்தார், பத்து இன்னிங்ஸ் தனியாக வீசி 1-0 என்று ஜெயித்தார். இரண்டு பக்கமும் நம் வீட்டுப் பிள்ளைகள், நம் சட்டை இல்லை. அந்த வலி எனக்கும் உண்டு நண்பரே. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1989-இல் 103 ஆட்டம் தோற்ற அணி டைகர்ஸ். அந்த அணியில் ஒரு ஸ்மோல்ட்ஸ் இருந்திருந்தால் கோப்பை வந்திருக்குமா? அட்லாண்டாவில் அவருக்குப் பக்கத்தில் கிளாவின் என்ற பெரிய பிட்சர் இருந்தார், பிறகு மாடக்ஸ் என்ற இன்னொருவர் வந்தார். இங்கே யார் இருந்தார்கள்?

அப்புறம், விதைநெல் என்றால் அத்தனையும் முளைக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 2017-இல் நாமே விதைநெல் வாங்கினோமே, அதைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்கு இரண்டு விநாடி இருக்கும்போது நம் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்குப் போனார். வழக்கமான சீசனில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி, சராசரி 1.06. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். ஹூஸ்டன் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. அந்தக் கோப்பையின் மேல் சைகைத் திருட்டுக் கறை, எதிரணி பிட்சருக்குப் போகும் சைகையைத் திருடிப் பார்த்த கறை, இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது பேட்டிங் பக்கத்துக் கறை, வெர்லாண்டர் வீசிய பந்தில் இல்லை. நமக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஜேக் ராஜர்ஸ் நல்ல கேட்சராக நின்றார். டேஸ் கேமரன் கொஞ்ச நாள் ஆடினார். மூவரில் பெரிதாகப் பேசப்பட்டவர் பிரான்க்ளின் பெரெஸ். தோள்பட்டைக் காயத்தில் சிக்கிய அந்தப் பையன் டைகர்ஸுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, இருபது வயதுத் தோள்பட்டைக்கு யார் உத்தரவாதம் தர முடியும்?

ஏன் பிட்சர், ஏன் பேட்டர் இல்லை என்று சகோதரி கேட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். 162 ஆட்டத்துக்கு ஐந்து ஸ்டார்ட்டர், ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள், வேண்டும். ஜூலைக்குள் ஒருவருக்காவது முழங்கையோ தோளோ போயிருக்கும். அக்டோபர் பிளே-ஆஃபில் மூன்று நான்கு பேர் போதும், அதில் ஒருவர் மலைபோல நின்றால் ஏழு ஆட்டத் தொடரில் இரண்டு முறை வருவார். மில்வாக்கியைப் பாருங்கள். 1982-க்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போகாத ஊர். 2008 ஜூலையில் சிசி சபாத்தியாவை வாங்கினார்கள். 11 வெற்றி, 2 தோல்வி. கடைசி மூன்று ஆட்டத்தை மூன்று மூன்று நாள் ஓய்வில் வீசினார், அதுவும் அடுத்த ஒப்பந்தத்துக்காகத் தன் தோளைப் பொத்திப் பாதுகாக்க வேண்டிய நேரத்தில். 26 வருஷத்துக் காத்திருப்பு ஓர் ஆட்ட வித்தியாசத்தில் முடிந்தது. குளிர்காலத்தில் அவர் நியூயார்க் போய்விட்டார். போகட்டுமே! செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தானே போனார்?

"2025-இல் வாங்கினீர்களே, என்ன கிழித்தீர்கள்?" என்றும் ஒரு குரல் கேட்டது. பேடக், மார்ட்டன், ஃபினகன் என்ற பிட்சர்கள் மூவரையும் வாங்கினோம். ஃபினகன் கைகொடுத்தார். மார்ட்டன் சீசன் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டார். ஜூலையில் கிளீவ்லாந்தைவிடப் பதினைந்தரை ஆட்டம் முன்னால் இருந்தவர்கள் கடைசியில் 87-க்கு 88 என்று ஓர் ஆட்டத்தில் முதலிடத்தை விட்டோம். ஆனால் அது வாங்கியதால் வந்த வினையா? மெக்கோனிகிள், மேக்ஸ் கிளார்க் என்ற இளைஞர்களின் பக்கமே யாரையும் வரவிடாமல், மலிவாகக் கிடைத்ததை அள்ளி வந்ததால் வந்த வினை. ஒரே ஓர் ஆட்டம், நடுவர் அவர்களே. ஒரு நல்ல ஸ்டார்ட்டர் இரண்டு மாதத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்துத் தரமாட்டாரா?

கணக்கை இங்கே வைத்துவிடுகிறேன். 1987-இல் அந்த ட்ரேட் எதை வாங்கித் தந்தது என்று மட்டும் கடைசியாகக் கேளுங்கள்.

மினசோட்டாவிடம் அந்த அக்டோபர் பிளே-ஆஃபில் தோற்றோம். அலெக்சாண்டரே இரண்டு ஆட்டம் தோற்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் மூன்றாவது ஆட்டம் இருக்கிறது. அக்டோபர் 10, சனிக்கிழமை. மிச்சிகன் அவென்யூவும் டிரம்புல்லும் சந்திக்கும் மூலையில் 1912-இல் திறந்த அந்தப் பழைய மைதானம். எட்டாவது இன்னிங்ஸில் பேட் ஷெரிடன் ஒரு ஹோம் ரன் அடித்து 7-6 என்று ஜெயித்தோம். அதற்குப் பிறகு அந்த மைதானம் இன்னோர் அக்டோபர் வெற்றியைப் பார்க்கவேயில்லை. 1999-இல் மூடினார்கள். அப்புறம் இடித்துவிட்டார்கள். டைகர்ஸ் மறுபடி பிளே-ஆஃப் போனது 2006-இல், அதற்குள் வேறு மைதானம். டிராமலும் விட்டேக்கரும் ஒரே நாளில் மேஜர் லீக்கில் காலடி வைத்து, பத்தொன்பது சீசன் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். அந்த இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி அக்டோபர்.

என்னோடு கார் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அந்தச் சனிக்கிழமை மேல்தட்டில், ஒரு இரும்புத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாதி மைதானம் தெரியாத இடம். பக்கத்தில் அவருடைய அப்பா. ஷெரிடன் அடித்தது தூணுக்கு அந்தப் பக்கம், பந்தை அவர் பார்க்கவே இல்லை. அப்பா எழுந்து கத்தியதைப் பார்த்துத்தான் ஹோம் ரன் என்று தெரிந்துகொண்டாராம். அடுத்த வசந்தத்துக்குள் அப்பா போய்விட்டார். கேன்டீனில் எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறார், ஸ்மோல்ட்ஸ் பெயரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நானே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன், அந்த ட்ரேட் தப்பில்லையா என்று. "என் அப்பாவுக்கு ஐந்து வருஷம் காத்திருக்க நேரம் இல்லையே" என்றார்.

அந்தப் பெரியவருக்கு இப்போது அவர் அப்பாவின் வயது தாண்டிவிட்டது. 1984-க்குப் பிறகு இந்த ஊருக்கு ஒரு வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வரவில்லை. அவர் மாதிரி எத்தனை பேர் இந்த மிச்சிகனில் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களிடம் போய், மைனர் லீக்கில் ஒரு பையன் இருக்கிறான், நாலு வருஷம் பொறுங்கள் தாத்தா என்று சொல்ல எதிரணி நண்பருக்கு மனசு வருமா? எனக்கு வராது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஜூலை கடைசிக்குள் வாங்குங்கள் என்று தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.