சிகாகோ: துப்பாக்கி இடுப்பில் ஏறுவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகும் இளைஞர்களில் பெரும்பாலோர் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவற்றில் ஒன்று நார்த் லான்டேல். கறுப்பின மக்கள் குடியேறிய பிறகு அங்கே வீட்டுக்கடன் கிடைப்பதே அரிதாயிற்று. 1970களில் அங்கிருந்த சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமையகம் இடம்பெயர்ந்தது. 1983இல் பக்கத்திலிருந்த ஹாவ்தார்ன் தொலைபேசி ஆலையும் மூடப்பட்டது. அப்பாக்கள் பார்த்த வேலை பிள்ளைகளுக்கு இல்லாமல் போயிற்று.

ஆனாலும் அங்குள்ள ஏழைப் பையன்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் சுடுவதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வறுமை மட்டும் காரணமென்றால் தெருவே சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். வறுமையோடு பயம் சேரும்போதுதான் துப்பாக்கி இடுப்பில் ஏறுகிறது. காயம்பட்டவன் பிழைத்துக்கொண்ட வழக்குகளில் பெரும்பாலும் சுட்டவன் பிடிபடுவதில்லை. நண்பனைச் சுட்டவன் அடுத்த தெருவிலேயே நடமாடுகிறான். 'சிறைக்குப் போனாலும் பரவாயில்லை, உயிர் இருக்குமே' என்று பையன் துப்பாக்கி தேடுகிறான். பக்கத்து மாநிலமான இண்டியானாவில் வேறொருவர் பெயரில் வாங்கிய துப்பாக்கி அவன் கைக்கு வந்து சேர்கிறது. பழைய பெரிய கும்பல்களின் தலைவர்கள் சிறைக்குப் போனபின், இப்போது இருப்பவை ஓரிரு தெரு அளவிலான சிறு குழுக்கள். இணையத்தில் போட்ட ஒரு கேலிப் பதிவே கொலைக்குப் போதும். தடுத்து நிறுத்தச் சொல்வாக்குள்ள ஆள் இல்லை.

2006 முதல் 2014 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், ஒரே குற்றத்தில் சேர்ந்து கைதானவர்களின் தொடர்புச் சங்கிலி வழியாகவே 63 சதவீதத் துப்பாக்கிச்சூடுகள் பரவின என்று கணக்கிட்டார்கள். ஒருவர் சுடப்பட்டபின் அவரோடு தொடர்புள்ளவர் சுடப்படச் சராசரியாக 125 நாள். தலையிடக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய நான்கு மாதம்.

2012 கோடையில் அந்நகரப் பள்ளி மாணவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலியில் வேலை தந்தார்கள். வழிகாட்டி ஒருவரும் கூட இருந்தார். வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 16 மாதத்தில் 43 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்தபிறகு வந்தது! வெறுமனே பொழுதைப் பிடித்து வைத்ததால் வந்த பலன் அல்ல இது. அதட்டும் மேலாளரிடம் கை ஓங்காமல் பதில் சொல்லப் பழகினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பழிவாங்கலைத் தடுக்கத் தெருவில் சமரசம் பேசுபவர்களின் பாடு வேறு. அந்தத் தெருவுக்குத் தெரிந்தவராக இருந்தால்தான் பேச்சு எடுபடும். போலீசுக்குத் தகவல் சொல்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்தால் எல்லாக் கதவும் அடைபடும். ஆண்டு மானியத்தில் அவருக்குச் சம்பளம் தருவதுதான் பெரிய தவறு. பணம் நின்றதும் அவர் போய்விடுவார்; அடுத்து வருபவர் முதல் வீட்டிலிருந்து மறுபடி அறிமுகமாக வேண்டும்.