செய்யாமல் இருந்திருந்தால்?

நேயர்களுக்கு வணக்கம். 'அன்றாட வாழ்வில் அறிவியல் பார்வை' என்று தலைப்புக் கொடுத்துப் பேச அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் 31 ஆண்டுகள் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தலைப்பைக் கேட்டதும் ராக்கெட், தொலைநோக்கி என்று எங்கோ போய்விடுவேன் என்று வானொலிப் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். மின்சார மீட்டரையும் அடுப்படியையும் தாண்டி நான் போகப்போவதில்லை.

மீட்டரிலேயே தொடங்குகிறேன். என் மைத்துனர் சென்ற ஆண்டு ஜூன் மாதம், வாசலுக்கு விற்க வந்த ஒருவரிடம் சிறிய பெட்டி ஒன்று வாங்கினார். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும். கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்பது பேச்சு. குறைந்தது! ஜூனில் கட்டிய பில்லையும் டிசம்பரில் கட்டிய பில்லையும் அருகருகே வைத்து என்னிடம் காட்டினார். ஏறக்குறைய பாதி. "நீங்கள்தான் எதையும் நம்பமாட்டீர்களே மாமா, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அதற்கு முந்தைய டிசம்பரில், பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, கிட்டத்தட்ட அதே யூனிட்தான். ஜூனில் இரவெல்லாம் ஏசி ஓடியது. டிசம்பரில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். பில்லைக் குறைத்தது கார்த்திகை மாதம். பெயரைத் தட்டிக்கொண்டு போனது பெட்டி.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். "இதைச் செய்தேன், பலன் கிடைத்தது" என்று யாராவது சொன்னால், நாமே நமக்குச் சொல்லிக்கொண்டால்கூட, ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். செய்யாமல் இருந்திருந்தால்?

கேட்பது எளிது. பதில் கண்டுபிடிப்பதுதான் பாடு. எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரிந்தது ஒரு பொங்கல் விடுமுறையில், காபி விஷயத்தில்.

என் அக்கா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தாள். எங்கள் பாட்டி காலத்துப் பித்தளை பில்டர் அவளிடம் இருக்கிறது. உள்ளே ஈயம் பூசியது. எங்கே போனாலும் கூடவே கொண்டு போவாள். எங்கள் வீட்டில் எவர்சில்வர் பில்டர். முதல் நாள் காலையிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "பித்தளையில் இறங்கிய டிகாஷனுக்கும் இதற்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரிகிறது, தம்பி" என்றாள். என் மருமகளின் முகம் வாடிவிட்டது. எனக்கோ, ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகளாகக் கையில் சாக்பீஸ் இல்லாத அரிப்பு. "அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாமா?" என்றேன்.

ஏற்பாட்டைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே பாக்கெட் காபித்தூள். இரண்டு பில்டருக்கும் தராசில் நிறுத்துப் போட்டது. ஒரே பாத்திரத்தில் கொதித்த தண்ணீர். இரண்டு டிகாஷனும் இறங்கியபின் உடனே கலக்கவில்லை. பித்தளையும் எவர்சில்வரும் சூட்டை ஒரே மாதிரி வைத்திருக்காது. அக்கா சூட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதனால் இரண்டையும் நன்றாக ஆறவிட்டு, ஒரே பாத்திரத்துப் பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். ஒரே அளவு எட்டு டம்ளர். நான்கில் பித்தளை டிகாஷன், நான்கில் எவர்சில்வர். எது முன்னால், எது பின்னால் என்பதற்குச் சீட்டு. நான்கு சீட்டில் 'பி', நான்கில் 'எ' என்று எழுதி, முறுக்கு சம்படத்தில் போட்டுக் குலுக்கி, மருமகள் ஒவ்வொன்றாக எடுத்தாள். வரிசையை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்படிக்குள் நான் போகவே இல்லை.

ஏன் போகவில்லை? எனக்கு எது எதுவென்று தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நான் திருட்டுத்தனமாக மாங்காய் தின்றதை என் முகத்தைப் பார்த்தே அம்மாவிடம் சொன்னவள் அக்கா. அறுபது வருடப் பயிற்சி. மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளிக்கு மட்டுமல்லாமல் கொடுக்கும் மருத்துவருக்கும் எது அசல், எது உள்ளே மருந்தே இல்லாத போலி என்று தெரியாதபடி வைத்திருப்பார்கள் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கே அதன் அருமை புரிந்தது.

தொடங்குமுன் அக்காவிடம் ஒன்று கேட்டேன். "எத்தனை சரியாகச் சொன்னால் உனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வது?" என்றேன். "எட்டும்தான். இதிலென்ன கேள்வி?" என்றாள். எழுதிக்கொண்டேன். முடிவு வருவதற்கு முன்பே இதைப் பேசிவைத்துவிட வேண்டும். வந்த பிறகு பேசினால் எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள்.

இரண்டிரண்டு டம்ளராக வந்தது. ஒரு வாய் காபி, வாய் கொப்பளிக்க ஒரு வாய் தண்ணீர். கண்ணை மூடி, மூக்கருகே வைத்து முகர்ந்து, அக்கா நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னாள். கடைசியில் மருமகள் தாளை எடுத்துப் படித்தாள். நான்கு பித்தளையில் மூன்றைச் சரியாகப் பிடித்திருந்தாள், ஒன்றில் ஏமாந்துவிட்டாள். அதேபோல எவர்சில்வர் ஒன்றைப் பித்தளை என்று சொல்லியிருந்தாள். ஆக, எட்டில் ஆறு சரி.

வீடே கைதட்டியது. எட்டில் ஆறு என்றால் 75 விழுக்காடு, முதல் வகுப்பு. தவறிப்போன டம்ளரைப் பற்றி அக்கா, "அதைச் சரியாகக் கழுவவில்லை" என்றாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பென்சிலை எடுத்தேன்.

எட்டு டம்ளரில் நான்கைப் பொறுக்கி எடுக்க 70 வழிகள் உண்டு. வானொலியில் கரும்பலகை இல்லை. சந்தேகம் இருந்தால் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த 70இல் நான்குமே சரியாக அமைவது ஒரே ஒரு வழி. மூன்று சரி, ஒன்று தவறு என்று அமைவது 16 வழிகள். இரண்டையும் சேர்த்தால் 17. அதாவது, காபியே குடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினால்கூட, ஏறக்குறைய நான்கு முறைக்கு ஒரு முறை அக்கா அளவுக்கோ அதற்கு மேலோ மதிப்பெண் வாங்கிவிடலாம்.

"அப்படியானால் நான் தோற்றுவிட்டேனா?"

"இல்லை அக்கா."

"ஜெயித்தேனா?"

"அதுவும் இல்லை. எட்டும் என்று நீதானே சொன்னாய்? உனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே இன்னும் தெரியவில்லை."

"தெரியவில்லை என்று சொல்வதற்கா எட்டு டம்ளர் காபி?"

என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கூர்மையாக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் அந்தத் 'தெரியவில்லை'யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அக்காவின் நாக்கு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எட்டு டம்ளர் போதாது என்கிறேன், அவ்வளவுதான்.

இது என் சொந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் இருந்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பது தமக்குக் குடித்தாலே தெரியும் என்றார். அதற்காக எட்டுக் கோப்பை. ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில் சோதனை முறையை விளக்க இதைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது தேநீர். காவிரிக் கரையில் காபி. பாசி ஆராய்ந்த அம்மையாரைவிட எங்கள் அக்காவுக்கு அதிகாரம் கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர வேறு வேற்றுமை இல்லை.

காபியில் தவறினால் குடி முழுகிப்போகாது. மஞ்சள் காமாலைக்கு வருகிறேன். நம் ஊரில் கண் மஞ்சளானால் முதலில் தேடுவது கீழாநெல்லி. அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய், காரம் இல்லாத பத்தியம். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கேள்வி என்ன? நீங்களே சொல்வீர்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்? அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து இரண்டொரு மாதங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். தானாகத் தணியும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகிவிடும். அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பித்தக்குழாய் அடைப்பால் வருவது, கல்லீரலையே கெடுப்பது என்று வேறு காமாலைகளும் உண்டு. எது என்று கண்ணைப் பார்த்து நாம் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

உடனே நாட்டு மருந்தைப் பழிக்கிறேன் என்று கடிதம் எழுதாதீர்கள். சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியை நெடுநாளாக உடம்பில் சுமப்பவர்கள்தான் சோதனைக்கு வந்தவர்கள். தானாகத் தணிவது இவர்களிடம் அரிது; ஆகவே நம் கேள்விக்குப் பொருத்தமான இடம். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றவர்களுக்குப் போலி மருந்து, 30 நாள். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

நானும் அன்று வகுப்பில் மார்தட்டிக்கொண்டு சொன்னேன். பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. வேறு இடங்களின் ஆய்வுகளையும் சேர்த்து 2011இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டபோது, நம்பத்தக்க சான்று போதவில்லை என்றார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் சென்னைக்காரர்கள்மீது மதிப்புக் குறையவில்லை. பாட்டி சொன்னதை அப்படியே விழுங்கவும் இல்லை, கேட்ட மாத்திரத்தில் சிரிக்கவும் இல்லை. பக்கத்தில் போலி மருந்தை வைத்து அளந்து பார்த்தார்கள். அக்காவுக்கு நான் செய்ததும் அதுதானே!

நீரோட்டம் பார்ப்பவரையும் இதில் சேர்க்கலாம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும். டெல்டாவில் வராமல் எங்கே போகும்? பத்தடி தள்ளிப் போட்டிருந்தாலும் வந்திருக்குமா என்று கேட்க வேண்டும். அதற்கு இரண்டாவது போர் போட வேண்டும், யாரும் போடுவதில்லை. போருக்கு ஆகும் செலவு அப்படி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் இரண்டு விரலைக் காட்டுகிறார். மாணவர்களைத் திட்டுவது பற்றி ஐந்து நிமிடம் பேச எழுதிவைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத் தேர்வில் மிகக் குறைவாக வாங்கியவர்களைத் திட்டுவேன். அடுத்த முறை பெரும்பாலும் ஏறுவார்கள். மிக அதிகமாக வாங்கியவர்களைப் பாராட்டுவேன், இறங்குவார்கள். திட்டினால் படிப்பு வரும், பாராட்டினால் கெட்டுப்போவார்கள் என்று பல ஆண்டுகள் நம்பினேன். புள்ளியியல் வாத்தியார் நான்! மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள், யார் என்ன செய்தாலும், பெரும்பாலும் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். திட்டாமல் இருந்திருந்தாலும் ஏறியிருப்பார்கள். நான் திட்டிய மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு விரல். அக்கா தீபாவளிக்கு வருகிறாள். இந்த முறை 12 டம்ளர், ஆறுக்கு ஆறு. பொறுக்க 924 வழிகள். ஆறில் ஒன்று தவறினாலும் அவளுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏனென்றால் குருட்டாம்போக்கில் அந்த அளவுக்கு வருவது 25 முறைக்கு ஒரு முறைதான். டம்ளர்களைத் தானே கழுவுவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஒலிபரப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். வணக்கம்.