ஆற்றைத் தேடி மேட்டுக்குப் போவோம்

வணக்கம். வரைபடத்தைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதோ பாருங்கள் என்று விரல் வைத்துக் காட்ட வழியில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல நீங்களே மனத்தில் ஒரு தாளை விரித்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பகுதி ஆறு நீலக் கோடாக ஓடுகிறது. முதல் வேலை, அந்த நீலக் கோட்டிலிருந்து கண்ணை எடுப்பது.

ஆற்றைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைக்குத்தான் போகிறார்கள். குப்பை அள்ளுகிறார்கள், மரம் நடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஆற்றுக்கு வருகிற தண்ணீரும் மண்ணும் கழிவும் பல கிலோமீட்டர் தள்ளி, ஆறே கண்ணில் படாத ஒரு சரிவில் பெய்த மழையோடு கிளம்பியவையாக இருக்கலாம். ஓட்டு வீட்டுக் கூரையில் முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி முன்வாசலுக்கும் அந்தப் பக்கம் விழுவது கொல்லைக்கும் போகிற மாதிரி, நிலத்துக்கும் முகடு உண்டு. அந்த முகடுகளுக்குள் அடங்கிய மொத்த நிலமும்தான் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

அந்த எல்லையை நீங்களே வரையலாம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் போட்ட நிலவரைபடம், டோபோ ஷீட் என்பார்களே, அதுவும் ஒரு பென்சிலும் ஒரு நல்ல அழிப்பானும் போதும். ஓடை ஓடும் பள்ளத்தைக் கடக்கும்போது சம உயரக் கோடு ஆங்கில எழுத்து வி போல மடங்கும், அதன் முனை ஓடை வருகிற மேட்டுப் பக்கம் பார்க்கும். முகட்டில் இதற்கு நேர்மாறாக, முனை இறக்கத்தைப் பார்க்கும். இது கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஆற்றில் ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஒரு கரைப் பக்கமாக மேடேறி, முகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, ஓடைகள் தொடங்கும் இடங்களுக்கெல்லாம் வெளியே சுற்றி, மறு கரைப் பக்கமாக இறங்கி அதே பாலத்தில் வந்து சேருங்கள். வரைந்த கோடு அந்தப் பாலத்தைத் தவிர வேறெங்காவது ஓடையை வெட்டினால், அங்கே தப்பு இருக்கிறது.

கியூஜிஐஎஸ் மாதிரி இலவச மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடுமே என்று கேட்கலாம். செய்யும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, ரேடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் உயரத்தை அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் முதல் முறை கையால் வரையுங்கள் என்பேன், ஏனென்றால் மென்பொருள் எங்கே ஏமாறும் என்பது கையால் வரைந்தவருக்குத்தான் பிடிபடும். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையை அல்ல, மரங்களின் தலைப்பகுதியைத்தான் பார்த்தது. சமவெளியில் இரண்டு மூன்று மீட்டர் பிசகினாலே தண்ணீர் போகும் திசை மாறிவிடும். இதைவிட நுணுக்கமான தரவில் சாலை ஒரு அணையைப்போலத் தெரியும், அதன் அடியில் போகும் குழாய்ப் பாலம் கணினிக்குத் தெரியாது. நகரத்திலோ மழைநீர் வடிகால் முகட்டையே குடைந்துகொண்டு அடுத்த ஆற்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும். இதையெல்லாம் நடந்து பார்த்துத்தான் திருத்த முடியும், முடிந்தால் மழை பெய்யும்போதே.

சரி, எல்லை கிடைத்துவிட்டது, உள்ளே எதைப் பார்ப்பது? ஓடைகளுக்கு எண் போடுங்கள். கிளையே இல்லாத தலை ஓடை ஒன்று, இரண்டு ஒன்றுகள் சேர்ந்தால் இரண்டு, இரண்டோடு ஒன்று வந்து சேர்ந்தால் அது இரண்டாகவே இருக்கும். ஸ்ட்ராலர் முறை என்று இதற்குப் பெயர். போட்டு முடித்து நீளத்தைக் கூட்டினால் மொத்த ஓடைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றாம் எண்ணாகவே இருப்பது வழக்கம். ஆனால் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர், அந்த அளவில் பல தலை ஓடைகள் கோடாகக்கூட இடம்பெறுவதில்லை. மழைக்காலம் போனதும் காய்ந்து கிடப்பவை என்பதால் மூடுவது, உழுவது, மேலே கட்டடம் எழுப்புவது எல்லாம் இவற்றில்தான் முதலில் நடக்கிறது, யாரும் ஆறு போய்விட்டது என்று சொல்வதும் இல்லை. என்னைக் கேட்டால் பெரிய ஆற்றுக்கு முன்னால் இவற்றுக்குத்தான் வண்ணம் அடிக்க வேண்டும்.

இதே எண் போட்ட படம் கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேடவும் உதவும். தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே அளவு வழக்கத்துக்கு மாறாக ஏறியிருந்தால் கரை முழுக்க நடக்கத் தேவையில்லை. படத்தில் அடுத்த சங்கமத்துக்குப் போய், இரு கிளைகளையும் அவை கலக்கும் முன் தனித்தனியே அளந்து, அளவு கூடிய கிளையில் மட்டும் மேலே ஏறுங்கள், அடுத்த சங்கமத்தில் மறுபடியும் அதே மாதிரி. ஒவ்வொரு சங்கமத்திலும் ஒரு கிளையின் நிலம் முழுவதையும் தேட வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு கிளையிலும் ஏறியிருந்தால் கழிவு வரும் இடம் ஒன்றுக்கு மேல் என்று அர்த்தம். எல்லாக் கழிவும் இந்த மீட்டரில் தெரியாது, எண்ணெயோ பூச்சிக்கொல்லியோ என்றால் ஆய்வகம்தான், ஆனால் மாதிரியை எங்கே எடுப்பது என்பதை அப்போதும் படம்தான் சொல்லும்.

முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008இல் அவற்றை இலவசமாக்கினார்கள். ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களாக எடுங்கள், மழைக்காலத்தையும் கோடையையும் அருகருகே வைத்துவிட்டு ஏரி சுருங்கிவிட்டது என்று கத்துவதில் பயனில்லை.

கடைசியாக, படத்தை யாரிடம் கொண்டுபோவது? ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியை நாலைந்து நிர்வாகங்கள் பங்கு போட்டிருக்கும். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியை ஆற்று வடிநிலங்களின்படி பிரிக்கலாம் என்று அந்நாட்டு நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1890இல் வரைபடமே போட்டுக் கொடுத்தார், யாரும் கேட்கவில்லை. ஆகவே உங்கள் படத்தில் நிர்வாக எல்லைகளையும் சேர்த்துப் போட்டு, எந்த ஓடை யார் பொறுப்பில் வருகிறது என்று காட்டி, தேதியும் இடமும் பதிவான புகைப்படங்களோடு எல்லா அலுவலகத்துக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள். விடுபட்ட தலை ஓடைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலும் ஏற்றலாம், அது எல்லோருக்கும் திறந்தது. மீன் முட்டையிடும் மடுக்கள், அரிய பறவைகள் கூடு கட்டும் இடங்கள், இவற்றை மட்டும் அதில் ஏற்றாதீர்கள், வலையோடு வருகிறவர்களும் அதே படத்தைத்தான் பார்ப்பார்கள். வணக்கம்.