மண் நீட்டும் நாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

காளான் என்றதும் குடைதான் நினைவுக்கு வரும், இல்லையா? நான் பேச வந்திருக்கும் காளானுக்குக் குடையே கிடையாது. பாசி படர்ந்த புல்தரையில், ஒரு விரல் நீளம்கூட இல்லாமல், கரியாய்க் கறுத்து, நுனி சற்றே தட்டையாக நிற்கும். மண் நாக்கை நீட்டியது போலவே இருக்கும்.

பெர்சூன் என்ற அறிஞர் 1794-ல் அதற்கு வைத்த பெயரும் அதுதான்: ஜியோகிளாசம். ஜியோ என்றால் மண், கிளாசா என்றால் நாக்கு; இரண்டும் கிரேக்கச் சொற்கள். குடும்பத்தின் பெயர் ஜியோகிளாசேசி.

முதல் முறை பார்த்தபோது, எரிந்த சுள்ளி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். கூட வந்தவர்தான் கூப்பிட்டு, "உட்கார்ந்து பாருங்கள்" என்றார். ஈரப் பாசியில் முழங்கால் நனைய உட்கார்ந்து லென்ஸை வைத்தேன். தண்டு முழுக்க வெல்வெட் மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்பு முடி! அது டிரைக்கோகிளாசம். டிரைக்கோ என்றால் முடி. ஆக, முடி முளைத்த நாக்கு. பக்கத்திலேயே இன்னொன்று, முடியே இல்லாமல் மொழுமொழுவென்று நின்றது. அது ஜியோகிளாசம். பாருங்கள், பெயரைப் பிரித்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடுகிறது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

மீதிப் பாதிக்கு மைக்ராஸ்கோப் வேண்டும். டிரைக்கோகிளாசம் ஹிர்சூட்டம் என்ற இனத்தின் நீண்ட பழுப்பு வித்துக்குள் பொதுவாகப் 15 குறுக்குச் சுவர்கள் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஹிர்சூட்டம் என்றாலும் முடி அடர்ந்தது என்றுதான் அர்த்தம். இந்தப் பெயருக்கு ஒரு முடி போதவில்லை!

சரி, நாக்கு போல இருப்பதெல்லாம் ஒரே குடும்பமா? அங்கேதான் உருவம் ஏமாற்றியது. மைக்ரோகிளாசம் விரிடி என்று பச்சை நாக்கு ஒன்று உண்டு. வெகுகாலம் இதே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது வேறு வகுப்பு, அதாவது குடும்பத்துக்கும் மேலான பெரிய பிரிவிலேயே வேறு, என்று தெரிந்தது. கறுப்பு நாக்குகளுக்கோ 2009-ல் ஜியோகிளாசோமைசீட்ஸ் என்று தனி வகுப்பே அமைந்தது. உறவு போனாலும் பச்சையின் பெயரில் கிளாசம் இன்றும் இருக்கிறது. பெயர் சொல்வது உருவத்தை, உறவை அல்ல. பெயரை இவ்வளவு நேசிக்கும் நானே அழுத்திச் சொல்கிறேன்: உறவை அல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரசாயன உரம் விழுந்த புல்தரையில் இவை பெரும்பாலும் தங்குவதில்லை. உரம் படாத பழைய புல்தரைகளைக் கண்டறிய ஐரோப்பாவில் இவற்றையும் தேடிக் கணக்கெடுக்கிறார்கள். பாசி நிறைந்த புல்தரையில் கறுப்புச் சுள்ளி தெரிந்தால், குனிந்து பாருங்கள். வணக்கம்.