எய்தவனுக்கு ஓராண்டு, அம்புக்கு மூன்றாண்டு

அவையோருக்கு வணக்கம்.

சிறைக்குப் போய்வந்த முதலாளி தேர்தலில் நிற்கலாமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டல் கிடைக்கும். நேரத்தோடு வீட்டுக்கும் போகலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மனிதரின் வழக்கைப் பொறுமையாகப் படித்த பிறகு, அந்தப் பதிலின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அந்த வழக்கைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் விரிக்கப்போகிறேன்.

அவர் பெயர் டான் பிளாங்கன்ஷிப். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம். மாஸ்ஸி எனர்ஜி என்ற பெரிய நிலக்கரி நிறுவனத்தின் தலைவராகவும் தலைமைச் செயல் அதிகாரியாகவும் இருந்தவர். 2018 மே 8ஆம் தேதி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் உள்தேர்தல். வாக்குச்சீட்டில் இவர் பெயர் இருக்கிறது. ஓராண்டுச் சிறைவாசம் முடித்து வந்தவர், அன்றைக்கும் நீதிமன்றக் கண்காணிப்பில் இருக்கிறார். முந்தைய நாள் அதிபர் டிரம்ப்பே இவருக்கு வாக்களிக்காதீர்கள் என்று ட்விட்டரில் எழுதுகிறார். அப்படியும் சுமார் 20 விழுக்காடு வாக்கு வாங்கி மூன்றாவதாக வந்தார். ஐந்தில் ஒருவர். அதுவும் எந்த மாநிலத்தில்? இவருடைய சுரங்கத்தில் 29 பேர் செத்த அதே மாநிலத்தில்.

அந்தச் சுரங்கத்துக்குள் கொஞ்சம் போய்வருவோம்.

அப்பர் பிக் பிராஞ்ச் என்று பெயர். 2010 ஏப்ரல் 5, ஈஸ்டருக்கு மறுநாள், பிற்பகல் மூன்று மணி. கரியை வெட்டும் ராட்சத இயந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன. பல் பாறையில் உரசினால் பொறி பறக்கும். அதை அணைக்கத்தான் இயந்திரத்திலேயே தண்ணீர்க் குழல்கள் வைத்திருப்பார்கள். அவை சரியாக வேலை செய்யவில்லை. சுரங்கத்தில் கசியும் மீத்தேனை வெளியே தள்ளக் காற்றோட்டம் வேண்டும், அதிலும் கோளாறு. இவ்வளவும் சேர்ந்து மீத்தேன் பற்றிக்கொண்டது. இத்தோடு நின்றிருந்தால் அது ஒரு சின்ன விபத்து.

பெரிய சாவு வந்தது தூசியால். சுரங்கத் தரையிலும் சுவரிலும் படியும் கரித்தூசி வெடிமருந்துக்குச் சமம். அதன்மேல் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நிலக்கரிச் சுரங்கத்தின் பால பாடம். கலப்பு சரியாக இருந்தால் தீ பரவாது. இங்கே தூவ ஆளும் போதவில்லை, இயந்திரமும் ஒழுங்காக இல்லை. பற்றிய தீ கரித்தூசியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மைலுக்கு மேல் சுரங்கப் பாதைகளில் ஓடியது. மாநில ஆளுநர் அமைத்த தனிக் குழு பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தது. செத்தவர்களில் 24 பேருடைய நுரையீரலைப் பரிசோதிக்க முடிந்தது. அதில் 17 பேருக்குக் கரித்தூசியால் வரும் கருநுரையீரல் நோய் ஏற்கெனவே இருந்தது. வெடித்தது அன்றைக்குத்தான். தூசி வருடக்கணக்காக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அரசு ஆய்வாளர்கள் வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தார்கள். அவர்கள் வாசலில் நுழைந்ததுமே காவலாளிகள் ரேடியோவில் சேதி சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர் கீழே இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் திரை கட்டி, தூள் தூவி, எல்லாம் பளிச்சென்று இருக்கும். இப்படி முன்கூட்டித் தகவல் கொடுப்பதே சட்டப்படி குற்றம். குறிப்பேடும் இரண்டு. ஒன்று ஆய்வாளர் பார்ப்பதற்கு. பழுதுகளை உள்ளபடி எழுதிய இன்னொன்று நிறுவனத்துக்கு. கள்ளக் கணக்கு நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அது பணத்துக்கு எழுதுவது, இது உயிருக்கு எழுதியது.

மேலே இருப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம், அவர் எங்கோ அலுவலகத்தில் இருந்திருப்பார் என்று சிலர் சொல்வார்கள். இந்த மனிதருக்கு அரை மணிக்கு ஒருமுறை அந்தச் சுரங்கத்தின் உற்பத்திக் கணக்கு போய்க்கொண்டிருந்தது. 2005இல் தன் சுரங்கக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கரி வெட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையை யார் செய்யச் சொன்னாலும், காற்றோட்டத்துக்கான கட்டுமானமாகவே இருந்தாலும், காதில் வாங்காதீர்கள், கரியை வெட்டுங்கள், செலவுக்குப் பணம் கரியிலிருந்துதான் வருகிறது என்பது அதன் சாரம். சில நாள் கழித்துப் பாதுகாப்புதான் முதல் என்று ஒரு விளக்கக் கடிதமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பாதியை மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இன்னொரு வேடிக்கை, தன் தொலைபேசிப் பேச்சுகளை அவரே பதிவு செய்து வைத்திருந்தார். நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் பாதுகாப்புக் குறைகளை எழுதி எச்சரித்திருந்தார். நாளைக்கு ஒரு சாவு நடந்தால் இந்தக் காகிதம் வழக்கில் நமக்குப் பாதகமாகிவிடுமே என்று பிளாங்கன்ஷிப் கவலைப்பட்டதை நடுவர் குழு அவர் குரலிலேயே கேட்டது.

இப்போது தண்டனைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2015 டிசம்பரில் தீர்ப்பு. 29 பேரின் சாவுக்காக அவர்மேல் குற்றச்சாட்டே இல்லை. சுரங்கப் பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்தார் என்பது ஒன்று. வெடிப்புக்குப் பிறகு பங்குதாரர்களிடமும் பங்குச்சந்தை ஆணையத்திடமும் பொய் சொன்னார் என்பது மற்றவை. முதல் குற்றம் அமெரிக்கச் சட்டத்தில் சிறு குற்றம்; அதிகபட்சமே ஓராண்டுதான். பங்குதாரரிடம் பொய் சொன்ன குற்றங்கள் நிரூபணமாகியிருந்தால் இருபது ஆண்டுக்கு மேல்கூட உள்ளே இருந்திருக்கலாம். உள்ளே இறங்குகிறவனின் உயிருக்கு ஒரு விலை, வெளியே பங்கு வாங்கியவனின் பணத்துக்கு இன்னொரு விலை. பொய்க் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். சிறு குற்றம் மட்டும் நின்றது. ஓராண்டுச் சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். 2009இல் அவர் வாங்கியது கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தேன். அபராதம் அவருடைய ஐந்து நாள் கூலி.

அவருக்குக் கீழே இருந்தவர்கள்? வாசலில் ரேடியோ ஏற்பாட்டைக் கவனித்த பாதுகாப்புத் தலைமைக் காவலர், விசாரணையில் பொய் சொன்னதற்கும் ஆவணங்களை அழிக்கச் சொன்னதற்கும் 36 மாதம். அந்தச் சுரங்கத்தின் கண்காணிப்பாளருக்கு 21 மாதம். அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவில் நடந்த இதே மாதிரிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அதிகாரிக்கு 42 மாதம். தலைவருக்கு 12. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி கேட்கிறது. இங்கே அம்புக்கு மூன்று ஆண்டு விழுந்தது.

குற்றவாளிகளைத் தேர்தலில் நிற்கவிடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு அது இல்லை. செனட் உறுப்பினருக்கு அரசியல் சாசனம் கேட்பது மூன்றே தகுதி: முப்பது வயது, ஒன்பது ஆண்டுக் குடியுரிமை, அந்த மாநிலத்தில் குடியிருப்பு. இவற்றோடு நான்காவதாக ஒன்றை மாநிலங்கள் சேர்க்க முடியாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இத்தாலியில் சட்டம் இருக்கிறது. 2012இல் வந்தது. சில்வியோ பெர்லுஸ்கோனி, தொலைக்காட்சி முதலாளி, மூன்று முறை பிரதமர். வரி மோசடி வழக்கில் 2013இல் நாலாண்டுத் தண்டனை உறுதியானது. சிறைக்குப் போகவில்லை, முதியோர் இல்லத்தில் சேவை செய்தார். ஆனால் செனட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். ஆறாண்டு நிற்க முடியாது என்றார்கள். 2018இல் நீதிமன்றம் தடையை முன்கூட்டியே நீக்கியது. 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், 2022இல் மறுபடி செனட். கிழவர் போன வாசல் வழியாகவே திரும்பி வந்தார்.

அந்தச் சட்டத்தின் அளவுகோல் என்ன தெரியுமா? இரண்டாண்டுக்கு மேற்பட்ட தண்டனை. இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தனியாகப் பட்டியலிட்ட குற்றங்களை விட்டுவிட்டால், பொதுவான வரம்பு இரண்டாண்டுத் தண்டனை. பிளாங்கன்ஷிப்பை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதம், தாராளமாக நிற்கலாம். 36 மாதம் வாங்கிய காவலர் நிற்க முடியாது! தடை என்ற வேலியைப் போட்டால் அதில் மாட்டுகிறவர் வாசலில் நின்றவர். முதலாளி குனியாமலே உள்ளே போய்விடுவார்.

இதனால்தான் தடைச் சட்டத்தை நான் மருந்தாக நினைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 1920இல் யூஜின் டெப்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர், போரை எதிர்த்துப் பேசியதற்காக அட்லாண்டா சிறையில் கிடந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு. வேலி போட்டால் அவரும் மாட்டுவார். பிளாங்கன்ஷிப்பும் தன்னை அரசியல் கைதி என்றுதான் சொல்லிக்கொண்டார். டெப்ஸ் உள்ளே போனது பேசியதற்கு. இவருடைய கைதிக் கதையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் தரப்பில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அரசு வழக்கறிஞர்கள் சில ஆவணங்களை அவருக்கு உரிய நேரத்தில் கொடுக்கவில்லை. தீர்ப்பை ரத்து செய்யலாம் என்று ஒரு கீழ்நிலை நீதிபதியே பரிந்துரைத்தார். மேலே இருந்த நீதிபதி, அந்த ஆவணங்கள் வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று தள்ளிவிட்டார்.

ஐந்தில் ஒருவர் ஏன் வாக்களித்தார்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1950 வாக்கில் அந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2018இல் பதினைந்தாயிரம்கூட இல்லை. வாஷிங்டன்தான் எங்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று நம்புகிற ஊரில், வாஷிங்டன் என்னைச் சிறையில் போட்டது என்று ஒருவர் வந்து நின்றால் தண்டனையே தகுதிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. அதோடு அவர் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். அம்மா சின்னக் கடை நடத்திக் காப்பாற்றிய பிள்ளை. வெடிப்புக்கு அரசு சொன்ன காற்றோட்ட மாற்றம்தான் காரணம், எரிவாயு திடீரென்று பீறிட்டது என்று விளம்பரம் விளம்பரமாகச் சொன்னார். விசாரணைகள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் விசாரணை அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், விளம்பரம் முப்பது வினாடி.

2004இலேயே தேர்தலின் ருசி அவருக்குத் தெரியும். போட்டி நிறுவனம் ஒன்று தொடர்ந்த வழக்கில் மாஸ்ஸி 5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிபதிகளுக்கும் தேர்தல். இவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்தார்; இவர் ஆதரித்தவர் ஜெயித்தார். அந்தப் புதிய நீதிபதி வழக்கிலிருந்து விலகாமல் உட்கார்ந்து மாஸ்ஸிக்குச் சாதகமாக வாக்களித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் ஐந்துக்கு நான்கு என்று, அவர் விலகியிருக்க வேண்டும் எனச் சொன்னது. அன்றைக்கு இவர் எந்தத் தண்டனையும் பெறாத கண்ணியமான தொழிலதிபர். எந்தத் தடைச் சட்டமும் இவரைத் தொட்டிருக்காது.

தோற்ற பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? தொலைக்காட்சிகளில் தன்னைப் பெருங்குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள், நான் சிறு குற்றவாளிதான் என்று செய்தி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார். சிரிக்காதீர்கள், சொல்லளவில் அவர் சொன்னது சரி. செய்தி நிறுவனங்கள் தெரிந்தே தவறாகச் சொன்னதற்குச் சான்று இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. 2023இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. இதற்கிடையில் 2020இல் ஒரு சிறு கட்சி சார்பில் அதிபர் வேட்பாளர். 2024இல் இன்னொரு பக்கம் தாவி ஜனநாயகக் கட்சி உள்தேர்தல். இரண்டிலும் தோல்வி.

வெடிப்பு நடந்த அதே ஆண்டு டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறுவதைப் பெருங்குற்றமாக்க வேண்டும் என்றது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு அதிகம்தான். எடுத்துக்கொண்ட விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் விழுந்தது. பிறகும் கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. 2017 மே மாதம் பிளாங்கன்ஷிப்புக்குத் தண்டனைக் காலம் முடிகிறது. அந்த மாதமே அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலக்கரிச் சுரங்க மேலதிகாரிகளுக்குத் தண்டனையைக் கூட்ட நாடாளுமன்றத்தில் நடக்கும் முயற்சிக்கு இடம்கொடுக்காதீர்கள் என்று அதில் கேட்டிருந்தார். ஓராண்டு ஓராண்டாகவே இருக்கட்டும் என்று அர்த்தம். அந்தக் கடிதத்துக்குச் சில மாதம் கழித்து, அந்தச் சட்டத்தின் மேல் வாக்களிக்கும் இடத்துக்குத்தான் அவர் வேட்பாளராக இறங்கினார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நேரமிருக்கிறது.