சுருங்குகிற கட்டியை நம்பாதீர்கள்
(செட்டிநாட்டில் ஒரு கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வயதான நாயைக் கொண்டுவருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: “காலையில் பெரிசா இருந்துச்சு டாக்டர், சாயங்காலம் வத்திருச்சு. சரியாயிரும்ல?” அந்த ‘வத்திருச்சு’ என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பயம்.

நாயின் தோலில் வரும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது மாஸ்ட் செல் கட்டி. மாஸ்ட் செல் என்பது நோய் எதிர்ப்புச் செல்களில் ஒன்று. அதற்குள், அலர்ஜியைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடங்கிய துகள்கள் நிறைந்திருக்கும். கட்டியைத் தேய்த்தாலும் அழுத்தினாலும் ஹிஸ்டமின் வெளியே கொட்டிவிடும். தோல் சிவந்து வீங்கும், அப்புறம் வற்றும். ரத்தத்தில் கலந்த ஹிஸ்டமின் இரைப்பையின் எச்2 ஏற்பிகளை (ஏற்பி என்பது செல்லில் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடம்) தூண்ட, அமிலம் பெருகிப் புண் வரும். காலில் கட்டி உள்ள நாய் கறுப்பாக மலம் கழிப்பது இதனாலும் இருக்கலாம். ஃபமோடிடின் கொடுப்பது அந்த அமிலத்துக்காகத்தான், கட்டியைக் கரைக்க அல்ல.

சரி, ஹிஸ்டமின் கட்டியை வளர்க்கிறதா? 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நொதி இல்லாத எலிகளுக்குப் பெருங்குடலிலும் தோலிலும் கட்டி அதிகமாகவே வந்தது. ஹிஸ்டமின் இல்லாததால் முதிராத வெள்ளணுக்கள் குவிந்து கட்டிக்குத் துணைபோயின. பின்னால் வந்த ஆய்வோ நேர்மாறாகச் சொன்னது: மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் எச்1 ஏற்பி வழியாகச் செயல்படும் ஹிஸ்டமின், கட்டியைத் தாக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளணுக்களை முடக்குகிறது. முரண் இல்லை. முகப்பில் உட்கார்ந்தால் விருந்தாளி, இரண்டாங்கட்டுவரை வந்தால் வீட்டு ஆள் என்று நம் வீடுகளில் நடக்கிறதே, அதுபோல எந்த ஏற்பி வரவேற்கிறது என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது.

ஹிஸ்டமினைப் போலவே உடலில் செய்தி சொல்லும் இன்னொரு வேதிப்பொருள் செரட்டோனின். அதை மூளையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். அதில் பெரும்பங்கு குடலில் உருவாகி, ரத்தத் தட்டணுக்களில் பயணிக்கிறது. 2008-ல் வந்த ஆய்வில், குடலில் அதைத் தயாரிக்க முடியாத எலிகளில் பெருங்குடல் கட்டி மெதுவாக வளர்ந்தது. கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் குறைந்ததே காரணம். எலியில் கண்டதை நாய்க்கும் மனிதருக்கும் அப்படியே பொருத்த நான் தயாராக இல்லை.

ஆகவே வீட்டில் இருக்கிற அலர்ஜி மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கட்டியைப் பிசையாதீர்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் எடுத்து, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாஸ்ட் செல் என்றால், அறுவைக்கு முன்பே ஹிஸ்டமின் எதிர்ப்பு ஊசி போட்டு, சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எடுப்போம். எடுத்த கட்டியைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த சிகிச்சை, அந்தக் கட்டி எவ்வளவு தீவிரமானது என்று சொல்லும் தரநிலையைப் பொறுத்தது.